பழைய வண்டியின் சி.சி.யைச் சரியாகக் கண்டுபிடிப்பது எப்படி: செட்டிநாட்டுக் கொட்டகை வண்டிகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என்று எங்கள் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும், பெரிய வீடுகளின் பின்கட்டுக்கு அப்பால், அடுத்த தெருவைப் பார்த்தபடி ஒரு கார் கொட்டகை இருக்கும். பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து வியாபாரம் செய்த குடும்பங்கள் வாங்கி ஓட்டிய மோரிஸ், ஆஸ்டின், செவர்லே, ஃபோர்டு, அதற்கு அடுத்த தலைமுறையின் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, கூடவே ஒரு புல்லட்டோ ஜாவாவோ. இப்போது பேரப்பிள்ளைகள் அதையெல்லாம் வெளியே எடுத்து ஓட வைக்க ஆசைப்படுகிறார்கள். ரொம்ப நல்ல விஷயம். ஆனால் லேத் பட்டறைக்கு எஞ்சின் பிளாக்கைத் தூக்கிக்கொண்டு போனதும் முதலில் வரும் கேள்வியிலேயே பலரும் நின்றுவிடுகிறார்கள்: "அண்ணே, இது எத்தனை சி.சி.? இப்ப எத்தனை ஓவர்ல இருக்கு?" (ஓவர் என்றால், சிலிண்டரை அசல் அளவைவிட எவ்வளவு பெரிதாகக் குடைந்திருக்கிறார்கள் என்பது.)

ஆர்.சி. புத்தகம் ஒன்று சொல்லும், வண்டியின் பெயர் ஒன்று சொல்லும், பெரியவர் "எட்டு ஹார்ஸ் பவர் வண்டிப்பா" என்பார். மூன்றும் சரியாகவே இருக்கலாம், ஆனால் மூன்றும் வேறு வேறு விஷயங்களைச் சொல்கின்றன. பிஸ்டன் வாங்க உதவுவது நாலாவதான ஒன்று, நீங்களே அளந்து எடுக்கும் எண். அதை எப்படி எடுப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கு

சிலிண்டரின் உள்விட்டம் போர். பிஸ்டன் கீழ் எல்லையிலிருந்து மேல் எல்லை வரை போகும் தூரம் ஸ்ட்ரோக். ஊசி போடும் சிரிஞ்சில் தண்டை முழுக்க இழுத்தால் எவ்வளவு மருந்து ஏறுகிறதோ, அதுபோல ஒரு ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் கடக்கும் இடம்தான் ஒரு சிலிண்டரின் சி.சி. எல்லா சிலிண்டருக்கும் கூட்டினால் எஞ்சினின் சி.சி.

சூத்திரம் இவ்வளவுதான்: போர் × போர் × 0.7854 × ஸ்ட்ரோக் × சிலிண்டர் எண்ணிக்கை. போரையும் ஸ்ட்ரோக்கையும் சென்டிமீட்டரில் போட்டால் விடை நேராக சி.சி.யில் வரும். 0.7854 என்பது π-ஐ (பை, 3.1416) நாலால் வகுத்தது, வட்டத்தின் பரப்புக்காக.

பழைய புல்லட் 350-ஐ எடுத்துக்கொள்வோம். போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. 7 × 7 = 49, அதை 0.7854-ஆல் பெருக்கினால் 38.48, அதை 9-ஆல் பெருக்கினால் 346.4. ஆக 350 என்று பெயர் இருந்தாலும் எஞ்சின் 346 சி.சி.தான். இதே போல ஃபியட் 1100, பத்மினி எல்லாம் 68 × 75 மி.மீ., நாலு சிலிண்டர், 1089 சி.சி. பஜாஜ் சேத்தக் 150 என்றாலும் 57 × 57 மி.மீ., 145.45 சி.சி. ஜாவா, யெஸ்டி 250 இரண்டும் 65 × 75, கணக்குப் போட்டால் 249-க்குக் கொஞ்சம் குறைவு. ஆர்.எக்ஸ். 100 என்றால் 50 × 50, 98 சி.சி. பெயரில் இருக்கும் எண் கடைக்காரர் சுலபமாகச் சொல்வதற்காக வைத்த முழு எண். அதை வைத்து சாமான் வாங்காதீர்கள்.

அம்பாசடரில் இன்னொரு சிக்கல் உண்டு. 1950களின் இறுதியில் வந்த ஆரம்ப கால வண்டிகளில் சைடு வால்வு எஞ்சின் (வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்கிலேயே இருக்கும்), 73.5 × 87 மி.மீ., 1476 சி.சி. அப்புறம் வந்த ஓவர்ஹெட் வால்வு எஞ்சின் (வால்வுகள் மேலே, ஹெட்டில் இருக்கும்) 73.025 × 88.9 மி.மீ., 1489 சி.சி. சி.சி.யில் பதின்மூன்றுதான் வித்தியாசம், ஆனால் எஞ்சின் முழுக்க வேறு, ஒன்றின் பிஸ்டன் மற்றதற்கு ஆகாது. இதற்கு மேல், பின்னால் வந்த டீசல் அம்பாசடரும் 1489 சி.சி.தான்! ஆகவே ஆர்.சி.யில் 1489 என்று பார்த்ததும் பெட்ரோல் என்று முடிவு கட்டிவிடாமல், எரிபொருள் வரியையும் சேர்த்துப் படியுங்கள்.

எந்த அளவுமுறை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

73.025 என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது? அது இரண்டே முக்கால் அங்குலமும் எட்டில் ஒரு பங்கும், அதாவது 2.875 அங்குலம். 88.9 என்பது மூன்றரை அங்குலம். இங்கிலாந்து, அமெரிக்க எஞ்சின்களை வரைந்தவர்கள் பெரும்பாலும் அங்குலத்தில் யோசித்தவர்கள், அதனால் மி.மீ.யில் எண் அசிங்கமாக வந்தால் அதை 25.4-ஆல் வகுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அழகான பின்னமாக வந்து உட்காரும். வந்துவிட்டால் நீங்கள் சரியாக அளந்திருக்கிறீர்கள் என்பதற்கும் அது ஒரு சாட்சி.

அமெரிக்க வண்டிகளில் கன அங்குலம். ஒரு கன அங்குலம் 16.387 சி.சி. 1937-லிருந்து வந்த செவர்லே ஆறு சிலிண்டர் எஞ்சின் 216.5 கன அங்குலம்: போர் மூன்றரை, ஸ்ட்ரோக் மூன்றே முக்கால் அங்குலம். 16.387-ஆல் பெருக்கினால் சுமார் 3548 சி.சி. அதன் பிறகு வந்த 235.5 கன அங்குல எஞ்சின் 3859 சி.சி.க்குப் பக்கம். வெளியே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், எனவே வண்டியின் வருஷத்தை வைத்து ஊகிக்காதீர்கள். எங்கள் பக்கம் எத்தனையோ வண்டிகளில் பிளாக்கே மாறியிருக்கிறது. பழைய ஜீப்பில் வரும் ஹரிக்கேன் எஞ்சின் 134.2 கன அங்குலம், 2199 சி.சி.

லிட்டரில் சொன்னால் ஆயிரத்தால் பெருக்கினால் முடிந்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஹார்ஸ் பவர் என்ற பழைய கணக்கு

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பிரிட்டிஷ் வண்டி வைத்திருப்பவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான்.

'மோரிஸ் எய்ட்' என்பதில் உள்ள எட்டு, எஞ்சின் உண்மையில் தரும் சக்தி இல்லை. இங்கிலாந்தில் காருக்கு வரி போடுவதற்காக ராயல் ஆட்டோமொபைல் கிளப் ஒரு சூத்திரம் வைத்திருந்தது: போரை அங்குலத்தில் எடுத்து, தன்னோடு தானே பெருக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5-ஆல் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். கவனித்தீர்களா, ஸ்ட்ரோக் இந்தக் கணக்கிலேயே இல்லை! மோரிஸ் எய்ட்டின் போர் 57 மி.மீ., அதாவது 2.244 அங்குலம். 2.244 × 2.244 × 4 ÷ 2.5 என்றால் 8.06. அதுதான் அந்த எட்டு. மி.மீ.யிலேயே போட வேண்டுமானால் 2.5-க்குப் பதில் 1613-ஆல் வகுங்கள்.

வரி போருக்குத்தான், ஸ்ட்ரோக்குக்கு இல்லை என்றால் தயாரிப்பாளர் என்ன செய்வார்? போரைக் குறுக்கி ஸ்ட்ரோக்கை நீட்டுவார். அதனால்தான் மோரிஸ் எய்ட் 57 × 90 மி.மீ., 918 சி.சி. அந்தக் கால ஃபோர்டு பத்து ஹார்ஸ் பவர் எஞ்சின் 63.5 × 92.5 மி.மீ., 1172 சி.சி., சூத்திரத்தில் போட்டால் அச்சு அசலாகப் பத்து வரும். இந்த வண்டிகள் ஏன் குறைந்த வேகத்திலேயே நன்றாக இழுக்கின்றன, ஏன் விரட்டினால் கிராங்க்கும் பேரிங்கும் முனகுகின்றன என்பதற்கு இந்த வரிக்கணக்கும் ஒரு காரணம். பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் அதிக தூரம் ஓடி வர வேண்டியிருக்கிறது. பிள்ளையார்பட்டிச் சாலையில் புது வண்டிகளோடு போட்டி போட உருவானவை இல்லை அவை, தயவு செய்து அப்படி ஓட்டாதீர்கள்.

ஃபோர்டு வி8 இன்னும் நல்ல உதாரணம். 221 கன அங்குல எஞ்சின், போர் 3.0625 அங்குலம், எட்டு சிலிண்டர். சூத்திரத்தில் போட்டால் 30. ஆனால் 1932-ல் வந்தபோதே அது உண்மையில் கொடுத்தது 65 குதிரைத் திறன், அப்புறம் 85 ஆனது. காகிதத்தில் 30 ஹெச்.பி. என்று பார்த்துவிட்டு, எஞ்சின் மாறியிருக்கிறது என்று பதற வேண்டாம். அது வரிக்கணக்கு எண்.

1940களின் இறுதியில் இங்கிலாந்தில் இந்த வரிமுறை போய்விட்டது, ஆனால் பெயர் வைக்கும் பழக்கம் உடனே போகவில்லை. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் வண்டிகளைப் பாருங்கள். ஸ்டாண்டர்ட் எய்ட் 58 × 76 மி.மீ., 803 சி.சி. ஸ்டாண்டர்ட் டென் 63 × 76 மி.மீ., 948 சி.சி. ஸ்ட்ரோக் ஒன்றே, போர் மட்டும் 5 மி.மீ. கூடியது. பழைய சூத்திரத்தில் முதலாவது 8.3, இரண்டாவது 9.8. இதே 948 சி.சி. எஞ்சின்தான் ஹெரால்டுக்கும் வந்தது. ஆஸ்டின் ஏ40 மட்டும் வேறு கதை. அதில் உள்ள நாற்பது கிட்டத்தட்ட உண்மையான குதிரைத் திறன், சி.சி. 1200.

இந்தச் சூத்திரத்தைத் திருப்பியும் போடலாம், அதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி. பழைய காகிதத்தில் சி.சி. இல்லாமல் 'ஹெச்.பி. 29.4, சிலிண்டர் 6' என்று மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். 29.4-ஐ 2.5-ஆல் பெருக்கி 6-ஆல் வகுத்தால் 12.25. அதன் வர்க்கமூலம் 3.5. ஆக போர் மூன்றரை அங்குலம், செவர்லே 216-க்குப் பொருந்துகிறது. ஸ்ட்ரோக் இதிலிருந்து கிடைக்காது, அதை அளந்தே ஆக வேண்டும்.

அளப்பதற்கு முன்

பல வருஷம் கொட்டகையில் நின்ற எஞ்சினை செல்ஃப் அடித்துச் சுற்றாதீர்கள், தள்ளியும் பார்க்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி, இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, அப்புறம் கையால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருந்தால், வேகப்பட்டுத் திருப்பும்போது ரிங் உடையும், சுவரில் கோடு விழும். கோடு விழுந்த பிளாக்கை ரீபோர் பண்ணித்தான், அதாவது சிலிண்டரை மீண்டும் கொஞ்சம் பெரிதாகக் குடைந்துதான், தீர வேண்டும், அதோடு ஒரு அளவு போய்விடும்.

சைடு வால்வு எஞ்சின்களில், பழைய ஃபோர்டு வி8 உட்பட, ஹெட்டை, அதாவது பிளாக்கின் மேல்மூடியை, கழற்றாமல் எதையும் உருப்படியாக அளக்க முடியாது. அந்த வி8-ல் பக்கத்துக்கு 21 அல்லது 24 ஸ்டட்கள் இருக்கும், துருப்பிடித்த ஸ்டட்டை பலம் போட்டுத் திருகினால் பிளாக்கோடு முறிந்துவிடும். தினமும் துருநீக்கி எண்ணெய் விட்டு, ஒரு வாரம் பொறுத்து, சூடு காட்டி எடுங்கள்.

போரை அளப்பது

ஹெட் கழற்றியாயிற்று. பிஸ்டனைக் கீழே இறக்கி, சிலிண்டர் சுவரை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, விரல் நகத்தை மேல் விளிம்பிலிருந்து மெல்லக் கீழே இழுத்துப் பாருங்கள். சில மி.மீ. கீழே ஒரு சின்னத் திட்டு நகத்தில் தட்டும். மேல் ரிங் அதுவரைதான் வருகிறது, அதற்கு மேலே தேயவே இல்லை. கடைசியாக எந்த அளவுக்கு போர் பண்ணினார்களோ, அந்த அளவு அங்கே அப்படியே இருக்கும். கரியைச் சுரண்டிவிட்டு வெர்னியர் அளவுகோலின் உள்தாடையால் அங்கே அளந்தால் அதுதான் உங்கள் எஞ்சினின் இப்போதைய பெயரளவு போர்.

திட்டுக்குக் கீழே அளப்பதற்கு வெர்னியர் போதாது, போர் கேஜ் வேண்டும். உங்களிடம் இல்லாவிட்டால் நல்ல லேத் பட்டறையில் இருக்கும், கேட்டால் அளந்து கொடுப்பார்கள். திட்டுக்குச் சற்றுக் கீழே, நடுவில், அடியில் என்று மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் கிராங்க் போகும் திசையிலும் அதற்குக் குறுக்கேயும் அளக்க வேண்டும். பெரும்பாலும் மேலே, குறுக்குத் திசையில்தான் தேய்மானம் அதிகம், ஏனென்றால் எரியும் அழுத்தம் பிஸ்டனை அந்தப் பக்கம்தான் சாய்த்துத் தள்ளுகிறது. சி.சி. கணக்குக்குத் திட்டின் மேல் எடுத்த அளவு. ரீபோர் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு பண்ணத் திட்டுக்குக் கீழே எடுத்த அளவு. இரண்டையும் கலக்கக் கூடாது.

பிஸ்டனின் விட்டத்தை அளந்து அதை போர் என்று எழுதி வைக்காதீர்கள். பிஸ்டன் எப்போதும் இடைவெளிக்காக போரைவிடச் சின்னது, தலைப்பகுதியில் இன்னும் சின்னது. ஆனால் பிஸ்டனின் தலையில் உள்ள முத்திரையைக் கட்டாயம் பாருங்கள். கரியை மரக்குச்சியால் சுரண்டினால் 020, 040 அல்லது 0.50 போன்ற எண் தெரியும். 020 என்றால் இருபது தௌ ஓவர் (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது அசல் போரைவிட 0.508 மி.மீ. பெரிது. ஒன்றுமே அடிக்கவில்லை என்றாலோ ஸ்டாண்டர்ட் என்று இருந்தாலோ அசல் அளவு, அல்லது சிலிண்டருக்குள் லைனர் என்ற புது உறையை இறக்கி மீண்டும் அசலுக்குக் கொண்டு வந்தது.

நாலு சிலிண்டர் என்றால் நாலையும் அளக்க வேண்டும். ஒன்றை அளந்து நாலால் பெருக்குவது ஷோரூம் வண்டிக்குச் சரி. அறுபது வருஷத்தில் பல கை மாறிய எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு மட்டும் லைனர் போட்டிருக்கலாம்.

இன்னொன்று, எங்கள் ஊர் வெயில். முற்றத்தில் காய்ந்த வார்ப்பிரும்பு பிளாக் நிழலில் இருப்பதைவிட 30 டிகிரி கூடுதலாகச் சூடாகியிருந்தால், 70 மி.மீ. போர் கிட்டத்தட்ட 0.02 மி.மீ. விரிந்திருக்கும், அது ஒரு தௌவுக்குப் பக்கம். சி.சி.க்கு அது ஒன்றுமில்லை, ஆனால் பிஸ்டன் இடைவெளியே சில தௌதான் என்பதால் அங்கே பெரிய விஷயம். ராத்திரி முழுக்க வீட்டுக்குள், வளவில் வைத்துக் குளிர்ந்த பிளாக்கைக் காலையில் அளப்பது நல்லது.

ஸ்ட்ரோக்கை அளப்பது

பிஸ்டனை உச்சிக்குக் கொண்டு வந்து, பிளாக்கின் மேல்தளத்திலிருந்து பிஸ்டன் தலை வரை எவ்வளவு ஆழம் என்று வெர்னியரின் வாலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கிராங்கைத் திருப்பி அடி வரை இறக்கி, பிஸ்டனில் அதே புள்ளிக்கு மீண்டும் அளவு எடுங்கள். வித்தியாசம்தான் ஸ்ட்ரோக். பிஸ்டன் தலை தளத்துக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தால் அந்த அளவைக் கூட்ட வேண்டும். பழைய பிஸ்டன் உச்சியில் கொஞ்சம் ஆடும், அதனால் பிஸ்டன் பின் இருக்கும் கோட்டின் மேலேயே அளக்க வேண்டும். அந்தக் கோட்டில் ஆட்டம் தெரியாது.

ஹெட்டைக் கழற்றாமல் பிளக் துளை வழியாகக் கம்பி விட்டு அளக்கலாமா என்றால், துளை பிஸ்டனுக்கு நேர் மேலே, நேர்க்குத்தாக இருந்தால் மட்டும் அளக்கலாம். புல்லட்டில் பிளக் சாய்வு, கம்பியும் சாய்ந்தே இறங்கும், வருகிற எண் தப்பாகவே இருக்கும். நேர்த்துளை என்றாலும் அலுமினியக் கம்பி, அதுவும் துளையில் விழுந்துவிடாத நீளத்தில். விளக்குமாற்றுக் குச்சி வேண்டாம், உள்ளே ஒடிந்தால் ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும்.

ஸ்ட்ரோக் ஒரு நல்ல அடையாளம், ஏனென்றால் அது தேய்வதில்லை. கிராங்கில் பேரிங் உட்காரும் ஜர்னலை வழக்கமான முறையில் கிரைண்ட் பண்ணினாலும் மாறாது. ஆகவே போர் குழப்பினாலும் ஸ்ட்ரோக் உங்கள் எஞ்சின் எந்தக் குடும்பம் என்று காட்டிக் கொடுத்துவிடும். 88.9 வந்தால் 1489, 87 வந்தால் பழைய 1476.

எதில் அதிகக் கவனம் வேண்டும் என்றால் போரில்தான். அது இரண்டு தடவை பெருக்கப்படுகிறது. புல்லட்டில் போரை 0.1 மி.மீ. தப்பாக அளந்தால் கிட்டத்தட்ட 1 சி.சி. மாறும். அதே தப்பு ஸ்ட்ரோக்கில் என்றால் 0.4 சி.சி.கூட வராது.

ரீபோர் பண்ணினால் சி.சி. எவ்வளவு கூடும்?

கூடும், ஆனால் யாரும் எதிர்பார்க்கிற அளவுக்கு இல்லை. 1489 அம்பாசடரை இருபது தௌ ஓவர் பண்ணினால் 1510. நாற்பது தௌ என்றால் 1531. புல்லட்டை 1 மி.மீ. பெரிதாக்கினால் 356. "ஓவர் பண்ணிட்டா இழுவை கூடும்" என்று சொல்லி, தேவையே இல்லாமல் நேராக நாற்பதுக்குப் போகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள். சி.சி. மூன்று சதவீதம்கூட ஏறாது, ஆனால் சுவர் மெலிந்து, அடுத்த தடவைக்கு உலோகம் இல்லாமல் போகும். இனி அந்த பிளாக்கை யாரும் வார்க்கப் போவதில்லை. எவ்வளவு குறைவாக எடுத்தால் சுவர் சுத்தமாகுமோ அவ்வளவு மட்டும் எடுங்கள். அந்த ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள், பிஸ்டன் கைக்கு வந்த பிறகு அதை அளந்து அதற்கேற்ப போர் பண்ணச் சொல்லுங்கள். ஹெட்டை மழித்தால் சி.சி. மாறாது, கம்ப்ரெஷன் மட்டும்தான் மாறும், இதையும் பலர் போட்டுக் குழப்புகிறார்கள்.

காகிதங்களோடு ஒத்துப் பார்ப்பது

மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் சி.சி. அடுக்கை வைத்துத்தான். காருக்கு 1000, 1500 சி.சி.யில் அடுக்கு மாறும், இருசக்கர வண்டிக்கு 75, 150, 350-ல். 1489, 346, 145.45 எல்லாம் எல்லைக்கு இந்தப் பக்கமே இருப்பதைப் பாருங்கள். ஆர்.சி.யில் யாரோ 1500-க்கு மேல் தப்பாக ஏற்றியிருந்தால் ஒவ்வொரு வருஷமும் கூடுதல் பணம் போகும். வழக்கமான ரீபோருக்காக ஆர்.சி.யைத் திருத்த யாரும் போவதில்லை, அசல் எண்ணே நிற்கும். ஆனால் எஞ்சினையே வேறு ரகமாக மாற்றியிருந்தால் அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

விண்டேஜ் பதிவு வாங்க நினைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2021-ல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, சேசிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் அது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அந்த வண்டியை எடுக்க முடியாது. விண்ணப்பிக்கும் முன்பே போர், ஸ்ட்ரோக், கணக்கிட்ட சி.சி., எஞ்சின் எண், பிஸ்டன் முத்திரை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, அளவு எடுக்கும்போது பிடித்த படங்களோடு ஆர்.சி. நகலுடன் சேர்த்து வையுங்கள். அதே தாளின் இன்னொரு நகலை லேத் பட்டறையில் கொடுங்கள், பிஸ்டன் ஆர்டர் பண்ணும்போது போரோடு, பிஸ்டன் பின்னின் விட்டத்தையும், பின் நடுவிலிருந்து பிஸ்டன் தலை வரையுள்ள உயரத்தையும் சேர்த்துக் கேட்பார்கள்.